ஏடிஎம் கார்டு இல்லை, போனில் வந்த பணத்தை எப்படி எடுப்பது?

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் மாதம் 8,000 ரூபாய் ஜிபேயில் அனுப்புகிறான். என் ஏடிஎம் கார்டு காலாவதியாகிவிட்டது. புதுக் கார்டு பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிட்டதாம். தெருமுனைக் கடையில் போன் மூலம் அனுப்பினால் ரொக்கம் தருகிறார்கள், ஆனால் ஆயிரத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள். கார்டு இல்லாமல் ஏடிஎம்மில் எடுக்க முடியுமா? போன் தொலைந்துபோனால் பணமும் போய்விடுமா?"

எடுக்கலாம் அம்மா. ஆனால் முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளிவானால் மற்றதெல்லாம் எளிது.

மகன் அனுப்பும் பணம் போனில் இல்லை. ஜிபே, போன்பே, பீம் எல்லாம் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் கதவுகள்தான். பணம் எப்போதும் போல வங்கிக் கணக்கில்தான் கிடக்கிறது. போன் தொலைந்தால் உடனே சிம்மை முடக்கச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அங்கேயே இருக்கும். அதனால்தான், கார்டும் வேண்டாம் போனும் வேண்டாம் என்று ஒரு பழைய வழி இன்னும் இருக்கிறது: பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கணக்கு வைத்திருக்கும் கிளைக்குப் போய், பணம் எடுக்கும் சீட்டை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வாங்குவது. கிளை பக்கத்தில் இருந்தால் இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியாது.

கிளை தூரம், அல்லது வேலைநேரத்தில் போக முடியாது என்றால் ஏடிஎம். வங்கி எதுவானாலும் யுபிஐ, அதாவது ஜிபே மாதிரி ஆப்புகளில் பணம் அனுப்பும் ஏற்பாடு, மூலம் கார்டில்லாமல் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி 2022-ல் வழிவிட்டது. இந்த வசதி உள்ள இயந்திரத்தின் திரையில் யுபிஐ என்றோ, கியூஆர் என்றோ, கார்டு இல்லாமல் பணம் எடுக்க என்றோ ஒரு தேர்வு இருக்கும். எல்லா இயந்திரத்திலும் இருக்காது. உங்கள் வங்கியும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தத் தேர்வைத் தொட்டு, வேண்டிய தொகையைக் கொடுத்தால் திரையில் ஒரு கியூஆர் கட்டம் வரும். மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் அட்டை மாதிரி இல்லை இது. அந்த ஒரு தடவைக்கு, அந்த ஒரு தொகைக்கு மட்டும் உருவாகும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே வரிசையில் நிற்கும்போதே ஆப்பைத் திறந்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து, எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுத்து, யுபிஐ பின் போடுங்கள். சில இயந்திரங்கள் அதற்குப் பிறகு திரையில் இன்னொரு முறை உறுதிசெய்யச் சொல்லும். போனில் டிக் வந்துவிட்டதே என்று திரும்பிவிடாதீர்கள். ஒரு ஆப் அந்தக் கட்டத்தை ஏற்கவில்லை என்றால் பீமிலோ உங்கள் வங்கியின் சொந்த ஆப்பிலோ முயன்று பாருங்கள்.

ஒரு தடவைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். சில வங்கிகள் அதைவிடக் குறைத்தும் வைத்திருக்கலாம். உங்கள் 8,000 ஒரே தடவையில் வந்துவிடும். புதுப் போனில் ஆப்பை இப்போதுதான் பதிவு செய்தீர்கள் என்றால் மட்டும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் யுபிஐ ஓடும்.

கார்டு காலாவதியானதால் யுபிஐ பின் காலாவதியாகாது, பழைய எண்ணே வேலை செய்யும். மறந்துவிட்டதென்றால் ஆதார் ஓடிபி மூலம் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு வங்கியிலும் ஆதாரிலும் ஒரே போன் நம்பர் இருக்க வேண்டும்.

செலவையும் பார்த்துவிடுவோம். கடைக்காரருக்கு நீங்கள் கொடுப்பது மாதம் 160 ரூபாய், வருடத்துக்கு 1,920. ஏடிஎம்மில் சொந்த வங்கி என்றால் மாதம் 5 தடவை இலவசம். வேறு வங்கி என்றால் சென்னை போன்ற பெருநகரங்களில் 3, உங்கள் ஊரில் 5. அதைத் தாண்டினாலும் ஒரு தடவைக்கு 23 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சம். மாதம் ஒரு தடவை எடுக்கும் உங்களுக்கு அந்தப் பேச்சே வராது. அந்த 1,920 ரூபாய் உங்கள் மகன் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்ததாக இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இனி, கணக்கில் பணம் கழிந்து இயந்திரம் நோட்டுத் தராவிட்டால்? நான் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு பெரியவர் வியர்த்து ஓடிவந்தார். இயந்திரம் பணம் தரவில்லை, அதனால் மறுபடி போட்டேன், அதுவும் வரவில்லை, மூன்றாவதும் போட்டுவிட்டேன் என்றார். மூன்று தடவையும் கணக்கில் கழிந்திருந்தது. பணம் பிறகு திரும்பி வந்தது. ஆனால் அன்றைக்கு மருந்துக்கு வைத்திருந்த காசு கையில் இல்லை. ஒரு தடவை தவறினால் மறுபடி போடாதீர்கள். இரண்டு நிமிடம் அங்கேயே நில்லுங்கள், நோட்டுத் தாமதமாக வரலாம். வராவிட்டால் ஆப்பில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணையும், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு, கணக்கு இருக்கும் உங்கள் வங்கியிடம் புகார் கொடுங்கள். ஏடிஎம் வேறு வங்கியுடையது என்று அலைக்கழித்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலே. வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டம் எந்த இயந்திரத்தில் தெரிகிறதோ, நோட்டு அந்த இயந்திரத்தில்தான் விழும். வாட்ஸ்அப்பில் ஒருவர் கியூஆர் படம் அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்களுக்குப் பணம் வரும்" என்றால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். அடுத்தவர் அனுப்பும் பணம் உங்கள் கணக்குக்கு வர பின் எப்போதுமே தேவையில்லை. ஏடிஎம்மில் உதவிக்கு வரும் முகம் தெரியாதவரிடம் போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே, அந்த நிமிடமே அழையுங்கள்.

சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குக் கைரேகை வழி இருக்கிறது. ஆதார் இணைத்த கணக்கு என்றால், வங்கி முகவரிடமோ தபால்காரரிடமோ விரலை வைத்து எடுக்கலாம். போடியில் வருடக்கணக்கில் ஏலக்காய் பொறுக்கியவர்களுக்கு ரேகை தேய்ந்து கருவி எடுக்காமல் போகலாம். அப்போது வேறு விரலை வைத்துப் பாருங்கள். "விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று முகவர் சொன்னால், முதல் தடவை பணம் கழியவில்லை என்று வங்கியின் குறுஞ்செய்தியில் பார்த்த பிறகு வையுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

வாலட் என்பது மட்டும் தனிக்கதை. கேஷ்பேக் மாதிரி வந்து ஆப்பின் வாலட்டிலேயே நிற்கும் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் இல்லை. முழு கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடிக்காத வாலட்டிலிருந்து ரொக்கமாக எடுக்கவோ வேறு கணக்குக்கு மாற்றவோ முடியாது, பொருள் வாங்கத்தான் முடியும். கேஒய்சி முடித்திருந்தால் முதலில் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, பிறகு மேலே சொன்னபடி எடுங்கள்.

கார்டு விஷயத்தையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை கிளைக்குப் போகும்போது ஆதாரைக் கொண்டுபோய் விலாசத்தை மாற்றுங்கள். திரும்பிவந்த கார்டு கிளையிலேயே இருக்கிறதா என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.