மரபணுப் பரிசோதனை வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. பல வருடங்களாகப் புகையிலை போடுபவர். நாக்கு ஓரத்தில் ஆறாத புண். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கழுத்தில் கட்டி தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் இல்லை. ஆனாலும் நாக்கோடு சேர்த்துக் கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பரவுமா என்பது மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பொறுங்கள் என்கிறார் பெங்களூரு உறவினர். என்ன செய்வது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பொறுக்க வேண்டாம். டாக்டர் சொன்ன வழியில் போங்கள்.

உறவினர் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. நாக்கின் மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது இ-கேட்ஹெரின் என்ற புரதம். புற்று பரவத் தொடங்கும்போது அதைத் தயாரிக்கும் மரபணு அடங்கிப்போகிறது. செல்கள் நகர உதவும் விமென்டின் போன்ற புரதங்கள் தலைதூக்குகின்றன. சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் எம்எம்பி நொதிகளும் பெருகுகின்றன. பிடி தளர்ந்த செல்கள் நிணநீர் வழியாக முதலில் போய்ச் சேரும் இடம் கழுத்து நெறி.

சிக்கல் எங்கே என்றால், இந்த மாற்றம் கட்டி முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. 2017இல் தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளின் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வில், பரவும் குணம் கட்டியின் முன்னேறும் விளிம்பில்தான் அதிகம் தெரிந்தது. பயாப்ஸிக்கு எடுப்பதோ சிறு துணுக்கு. அது விளிம்பைத் தவறவிட்டிருந்தால், 'பரவாது' என்று வரும் முடிவை நம்பி அப்பாவின் கழுத்தைத் தொடாமல் விட முடியுமா? நான் விடமாட்டேன். மார்பகப் புற்றில் சிகிச்சையை முடிவு செய்ய மரபணுச் சோதனைகள் வழக்கத்துக்கு வந்துவிட்டன. வாய்ப் புற்றில் அந்த நிலை இன்னும் வரவில்லை.

ஸ்கேனில் எதுவும் தெரியாத கழுத்திலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நுண்ணிய பரவல் ஒளிந்திருக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பக் கட்டத்திலேயே கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். கட்டி தட்டுப்பட்ட பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். இந்த ஒரு கணக்குக்காகவே தாமதிக்காதீர்கள் என்கிறேன்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது மரபணுவை அல்ல, ஆழத்தை. புற்று எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்கிறது? 3, 4 மி.மீ.க்கு மேல் என்றால் கழுத்தையும் சேர்த்தே செய்வதுதான் பொதுவான முறை. நாக்குக்கு எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் இந்த ஆழத்தை ஓரளவு காட்டும். சரியான அளவு ஆபரேஷனுக்குப் பிந்தைய ரிப்போர்ட்டில் வரும். அதில் நெறியின் உறையைப் புற்று உடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைத்திருந்தால் கதிர்வீச்சோடு கீமோ மருந்தும் தேவைப்படலாம். கதிர்வீச்சை ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, சொத்தைப் பல் இருந்தால் சரிசெய்துவிடுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மருத்துவமனையில் உள்ள திட்டப் பிரிவில் முதல் நாளே பதிந்துவிடுங்கள். அப்பா இன்றைக்கே புகையிலையை நிறுத்தட்டும். தையல் ஆறுவதற்கே அது அவசியம்.