முன்பின் பார்க்காத பொருளை ரோபோ எப்படி நழுவவிடாமல் பிடிக்கிறது?

ஒவ்வொரு பொருளையும் எப்படிப் பிடிப்பது என்று யாராவது சொல்லித் தருகிறார்களா என்பதுதானே கேள்வி? தொழிற்சாலையில் ஒரே பாகத்தை ஒரே இடத்திலிருந்து எடுக்கும் கைக்கு அப்படித்தான். புதுப் பொருள் வந்தால்தான் சிக்கல்.

2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் 14 ரோபோக் கைகள் வரை வரிசையாக நிறுத்தி, தட்டில் கண்டதையும் போட்டு, எடுத்துப் பழகட்டும் என்று விட்டுவிட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள். பொருள் சிக்கியதா இல்லையா என்பதைக்கூட மனிதர் பார்த்துச் சொல்லவில்லை, விரல்கள் முழுதாக மூடிவிட்டனவா, தட்டின் படம் மாறியிருக்கிறதா என்பதை வைத்து ரோபோவே குறித்துக்கொண்டது, அதுவே ரோபோவின் நியூரல் நெட்வொர்க்குக்கு, அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் நிரலுக்கு, பாடம். ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்ற பொருளில் ஒரு விரலை நடுவில் அழுத்தி, இன்னொன்றை ஓரத்தில் வைத்துப் பிடிக்க யாரும் சொல்லாமலே பழகியது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

சரி, இத்தனை கைகளைத் தேயவிட எல்லோருக்கும் வசதி உண்டா? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2017-ல் டெக்ஸ்-நெட் 2.0 என்ற, பொருளைப் பிடிக்கக் கற்கும் நிரலுக்குக் கணினிக்குள்ளேயே 67 லட்சம் மாதிரிகளை உருவாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே உராய்வுக் கணக்குதான் ஆசிரியர்: இரண்டு விரலும் எதிரெதிராக, கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் அழுத்தினால் பொருள் வழுக்காது.

கண் மட்டும் போதாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான ஜெல்சைட் என்ற தொடு உணரியில் விரல்நுனி ஜெல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கேமரா இருக்கும், ஜெல் நெளிவதைப் பார்த்துப் பொருள் நழுவத் தொடங்குவதைக் கண்டுபிடித்து, பிடியை இறுக்கலாம். கண்ணாடி டம்ளர்தான் இன்னும் தலைவலி, ஆழம் அளக்கும் கேமராவுக்கு அது சரியாகத் தெரிவதில்லை.