ஆட் எதற்கு வருகிறது, ஏன் எரிச்சல் வருகிறது? மொபைல் கேம் விளம்பரங்கள் பற்றிக் கேள்வி பதில்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கேமில் எந்த இடத்தில் விளம்பரம் வர வேண்டும், எத்தனை நொடி ஓட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. அதாவது, நீங்கள் எல்லாரும் திட்டுகிற அந்த ஆள் நான்தான். இப்போது நாகர்கோவிலில் வீட்டில் இருந்தபடியே அதே வேலை. இலவச கேம்களில் வரும் விளம்பரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் திட்டுகளைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

தக்கலை, கல்லூரி மாணவர்: அண்ணே, தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்குவதற்குள் கேம் விளையாடினதைவிட ஆட் பார்த்ததுதான் அதிகம். எதுக்கு இவ்வளவு?

இலவச கேம் விளையாடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கடைசி வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டார்கள். அவர்களிடமிருந்து வருமானம் பார்க்க விளம்பரம் ஒன்றுதான் வழி. ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்று அதற்கு விலை பேசுவார்கள். தொழிலில் இசிபிஎம் என்போம். அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதில் ஒரு சின்னப் பங்குதான் இங்கே ஒருவர் பார்த்தால் கிடைக்கும். அந்தக் குறையை எண்ணிக்கையால் நிரப்பப் பார்க்கிறார்கள். நம்ம மினி பஸ் மாதிரிதான். டிக்கெட் குறைவு, அதனால் கை காட்டின இடத்தில் எல்லாம் நிற்கும்.

நீங்கள் பஸ்ஸில் விளையாடுகிற ஒரு நிமிஷ கேம்களில் இன்னொரு விஷயமும் உண்டு. அவர்களே வேறு கேமில் விளம்பரம் கொடுத்துத்தான் உங்களைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு நாளில் நீங்கள் அழித்துவிடுவீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். போட்ட காசை அதற்குள் எடுத்தாக வேண்டுமே என்று முதல் நாளே கொட்டுகிறார்கள். கொட்டுவதால் நீங்கள் அழிக்கிறீர்கள். நீங்கள் அழிப்பதால் அவர்கள் கொட்டுகிறார்கள்.

திங்கள்சந்தை, தையல் கடை வைத்திருப்பவர்: தம்பி, மிட்டாய் உடைக்கிற கேமில் உயிர் தீர்ந்துபோனால் ஆட் பார்த்து ஒரு உயிர் வாங்குவேன். அப்போது கோபமே வராது. நடுவில் தானாக வருகிற ஆட்டுக்கு மட்டும் போனைத் தூக்கி எறியலாம்போல இருக்கும். ரெண்டும் அரை நிமிஷம்தானே, எனக்கு ஏன் இப்படி?

அக்கா, வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் குனிந்து காலர் ஓரம் தைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து தோளைத் தட்டினால் எப்படி இருக்கும்? பாபினில் நூல் தீர்ந்து நீங்களே மெஷினை நிறுத்தின நேரத்தில் அதே ஆள் பேச வந்தால்? நேரம் ஒன்றுதான். ஆனால் நிறுத்தினது யார் என்பது வேறு.

தன் கையில் இருந்த தெரிவை இன்னொருவர் பிடுங்குகிறார் என்று தோன்றினால் மனிதன் முறுக்கிக்கொள்வான் என்று ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-லேயே விளக்கினார். கேம் விளம்பரத்தில் அது கண்ணெதிரே நடக்கும். எங்கள் சொல் விளையாட்டு ஒன்றில் இரண்டு வகை ஆட்டும் இருந்தது. தானாக வந்ததற்கு ‘ஏன் காட்டுகிறீர்கள்’ என்று புகார் வரும். கேமுக்குள் செலவழிக்கும் காசுக்காக அவர்களே தட்டிப் பார்க்கும் பரிசு ஆட்டுக்கு வந்த புகார் என்ன தெரியுமா? ‘இன்னைக்கு ஆட் வரலை, சரி பண்ணுங்க.’ காட்டாததற்குத் திட்டு!

அதோடு விட்டிருக்கலாம். நான் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டினேன். ‘ஆட் பார்’ என்ற பச்சைப் பொத்தானுக்குக் கீழே ‘வேண்டாம்’ என்று ஒன்று இருக்கும் அல்லவா? அதைச் சாம்பல் நிறத்தில் சின்னதாக்கி, மூன்று நொடி கழித்துத்தான் தெரிகிற மாதிரி வைத்தேன். பார்ப்பவர்கள் கூடினார்கள், மேலிடத்தில் சந்தோஷம். கொஞ்ச நாளில் பாராட்டி எழுதிக்கொண்டிருந்தவர்களே ‘ஏமாத்துறாங்க’ என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆட் அதேதான், பரிசும் அதேதான். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையில் நான் கைவைத்ததை மூன்றே நொடியில் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஆட் பார்க்காமல் தாண்டவே முடியாதபடி ஒரு கட்டத்தை வேண்டுமென்றே கடினமாக்கி வைத்தாலும் இதே கதைதான். அதுவும் செய்து பார்த்திருக்கிறோம்.

குளச்சல், வள்ளத்தில் போகிறவர்: கடலுக்குள் போனால் டவர் கிடையாது. வலை போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது கேம் திறந்தால் அங்கேயும் ஆட் வருதே, எங்கிருந்து?

கரையிலேயே இறங்கிவிட்டது. நெட் இருக்கும்போதே அடுத்த ஒன்றிரண்டு விளம்பரங்களை கேம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். அவை தீர்ந்தால் கடலில் நிம்மதிதான். டேட்டாவை அணைத்துவிட்டு கேமை முழுசாக மூடித் திறந்தால் பெரும்பாலும் அதுவும் வராது. ஆனால் ஆட் பார்த்தால் கிடைக்கும் இலவசக் காசும் வராது, பார்த்துக்கொள்ளுங்கள்.

வடசேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: விளம்பரத்தில் ஊசியை உருவி ராஜாவைக் காப்பாற்றும் புதிர் காட்டினார்கள். இறக்கிப் பார்த்தால் பழங்களை வரிசையாக அடுக்கும் விளையாட்டு. இது மோசடி இல்லையா?

மோசடி என்றே சொல்லலாம் சார். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் 2020-ல் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களின் இப்படிப்பட்ட இரண்டு விளம்பரங்களைத் தவறான தகவல் என்று தடை செய்தது. காட்டின புதிர் கேமுக்குள் ஆங்காங்கே அபூர்வமாக வரும், அவ்வளவுதான்.

ஏன் செய்கிறார்கள் என்றால், ஒருவரை கேமை இறக்க வைக்க ஆகும் செலவை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பார்கள். எது மலிவாக ஆள் பிடிக்கிறதோ அதுதான் தொடர்ந்து ஓடும். கேமில் அது இருக்கிறதா என்பது அப்புறம். அந்த விளம்பரத்தில் ஒரு கை வந்து விளையாடுமே, கவனித்தீர்களா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிகிற விடையை விட்டுவிட்டுத் தப்பான ஊசியையே உருவும். அது தெரியாமல் செய்வதில்லை சார். நாற்பது வருஷம் பாடம் நடத்தினவருக்குப் பையன் கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டால் கை பரபரக்கும் அல்லவா? அந்தப் பரபரப்புக்காகத்தான். இப்படித் திட்டு வாங்கின சில கம்பெனிகள் பிற்பாடு விளம்பரத்தில் காட்டின புதிரையே நிஜமாக கேமுக்குள் வைத்தன. இந்தியாவில் இதைப் பற்றி ஆஸ்கி என்ற விளம்பரத் தர அமைப்புக்குப் புகார் அனுப்பலாம்.

கருங்கல், ஒரு அம்மா: மூணாம் கிளாஸ் படிக்கும் மகன் கார் கேம் விளையாடுகிறான். இடையில் ரம்மி, கடன் ஆப், பார்க்கக் கூடாத படம் எல்லாம் வருகிறது. குழந்தை கேமில் இதையெல்லாம் எப்படி விடுகிறார்கள்?

முதலில் ஒன்று கேட்கிறேன், போன் யாருடையது? அப்பாவின் போனில், அப்பாவின் கூகுள் கணக்கில் விளையாடினால், பார்ப்பது 38 வயது ஆண் என்றுதான் விளம்பரம் விற்கிறவன் நினைப்பான். கடன் ஆப் உங்கள் மகனைத் தேடி வரவில்லை, அவன் அப்பாவைத் தேடி வந்தது. இதற்காகச் சண்டை போட வேண்டாம், பாதி வீட்டில் இப்படித்தான்.

மகனுக்கு அவன் வயதைக் கொடுத்துத் தனிக் கணக்கு தொடங்கி, பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கவனிக்கக் கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப் வழியாக உங்கள் கணக்கோடு இணையுங்கள். குழந்தைகளுக்கென்று பிளே ஸ்டோரில் வைக்கும் கேம்களுக்குக் கூகுளின் விதி கடுமை. விளையாட்டை மறிக்கும் எந்த ஆட்டையும் 5 நொடிக்குப் பிறகு மூட முடிய வேண்டும், விரும்பிப் பார்க்கும் பரிசு ஆட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் கார் கேம் எல்லாமே குழந்தை கேம் என்று பதிவாகியிருக்காது. நமக்குத்தான் அது குழந்தை கேம்.

ரம்மி விஷயத்தில் சட்டமே வந்துவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை மட்டுமல்ல, அதன் விளம்பரத்தையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. விளம்பரம் செய்தால் 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்குப் பிறகும் வந்தால் விளம்பரத்தின் மூலையில் இருக்கும் சின்னக் குறியைத் தட்டிப் புகார் கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது ஆகாதவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கும் உங்கள் மகன் சின்னப்பிள்ளை என்று தெரிய வேண்டுமே! மறுபடியும் போன் யாருடையது என்ற கேள்விக்குத்தான் வருகிறோம்.

மார்த்தாண்டம், போன் கடைக்காரர்: ‘ஆட் வராம பண்ணித் தாங்க’ என்று தினமும் நாலு பேர் வருகிறார்கள். மாட் ஏபிகே போட்டுக் கொடுக்கலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. மாட் ஏபிகே என்பது வெளியாள் யாரோ மாற்றியமைத்த கேம், யார் எதைச் சேர்த்துக் கட்டினது என்று தெரியாத பொட்டலம் அது. வங்கி ஆப் இருக்கும் போனில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு நாளை பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல், இணைய முகவரிகளைத் தேடித் தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்க பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் விளம்பரம் தடுக்கும் சேவை ஒன்றைக் கொடுத்தால் நிறைய குறையும். பரிசு ஆட்டும் சேர்ந்தே நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலமே திரும்பி வருவார்கள். செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் ஆட்ஸ் போனால் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். எண்ணிக்கை குறையாது, பின்தொடர்வது குறையும்.

கேமே திறக்காமல் லாக் ஸ்கிரீனில் ஆட் வருகிறது என்பவர்களின் போனில் டார்ச், வால்பேப்பர், கிளீனர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தூக்குங்கள்.

அருமனை: எக்ஸ் குறியைத் தொட்டால் பிளே ஸ்டோர் திறக்கிறது!

முதலில் வருவது பல நேரம் நிஜ எக்ஸ் அல்ல. வீடியோ முடிந்து ஒரு அட்டை, அட்டை முடிந்து இன்னொன்று என்று இழுப்பார்கள். 2022 செப்டம்பர் 30 முதல், தானாக வரும் முழுத்திரை விளம்பரத்தை 15 நொடிக்குப் பிறகு மூட முடிய வேண்டும் என்பது கூகுள் விதி. கட்டம் தொடங்கும்போது திடீரென்று குறுக்கே வரவும் கூடாது. விளம்பரத்தை வேறு ஏதோபோல மறைத்துக் காட்டுவது, பொத்தானை வைத்து ஏமாற்றுவது எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 13 தந்திரங்களின் பட்டியலில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

தோவாளை, பூ வியாபாரி: நான் ஒரு ஆட் பார்த்தால் கம்பெனிக்கு எவ்வளவு கிடைக்கும்? அதை நானே கொடுத்துவிட்டுப் போகிறேனே.

இந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிக்கும். ஆயிரம் ஆட்டுக்கு ஒரு டாலர், அதாவது சுமார் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டுக்கு 9 பைசா. ஆட் நீக்க 99 ரூபாய் கேட்டால், அது 1,100 ஆட்டுக்குச் சமம். ஒன்று அரை நிமிஷம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலே! அவ்வளவு நேரம் சும்மா உட்காரச் சொன்னால் யாரும் 99 ரூபாய்க்குச் சம்மதிக்க மாட்டோம். ஆனால் அரை அரை நிமிஷமாகக் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். பூவைக் கிலோவாக வாங்க யோசிப்பவர் முழம் முழமாக வாங்கிவிட்டுப் போவதில்லையா, அது மாதிரி.

பணம் கட்டும் முன் ஒன்று பாருங்கள். ‘ஆட் நீக்கம்’ என்பது பல கேம்களில் தானாக வருவதை மட்டும்தான் நீக்கும்.

ஆசாரிபள்ளம், இன்ஜினியரிங் மாணவர்: நண்பர்கள் சேர்ந்து ஒரு கேம் செய்திருக்கிறோம். எத்தனை ஆட் வைக்கலாம்?

எத்தனை என்று கேட்காதே மக்கா, எங்கே என்று கேள். முதல் தடவை திறந்தவனுக்கு ஒன்றும் வைக்காதே, அவன் இன்னும் உன் வீட்டுத் திண்ணையில்கூட உட்காரவில்லை. தோற்ற உடனே வைக்காதே. தோற்ற கடுப்பும் ஆட் கடுப்பும் ஒன்றாகி ஒரு ஸ்டாராக விழும். திரையின் ஓரத்தில் பட்டையாக நிற்கும் வெறும் பேனர் ஆட்டை வைத்தும் சம்பாதித்தவர் உண்டு. ஃபிளாப்பி பேர்ட் செய்த வியட்நாம்காரர் டோங் இங்குயென் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று சொன்னார், 2014 பிப்ரவரியில் அவரே அதை எடுத்தும்விட்டார். கேண்டி கிரஷ் கம்பெனி 2013-ல் தன் கேம்களிலிருந்து விளம்பரத்தையே எடுத்தது. சில வருஷம் கழித்து விளம்பரம் திரும்பி வந்தபோது, முக்கியமாகப் பரிசு ஆட்டாகத்தான் வந்தது.

அப்புறம், பரிசு உருப்படியானதாக இருக்கட்டும். அரை நிமிஷம் பார்த்தவனுக்கு ஐந்து காசு கொடுத்துவிட்டு, கடையில் ஒரு தொப்பிக்கு ஐயாயிரம் கேட்டால் கணக்கு எல்லாருக்கும் புரியும். ‘வேண்டாம்’ பொத்தானைப் பெரிதாக வை. நான் பட்டது போதும்.

பேச்சிப்பாறை, ரப்பர் பால் வெட்டுபவர்: பேத்தியோடு லூடோ ஆடுகிறேன். ஆட் முழுசாகப் பார்த்தும் மூணு தடவை காசு வரவில்லை. நடுவில் ‘உங்கள் போனில் 4 வைரஸ்’ என்றும் ஒன்று வந்தது.

வைரஸ் எதுவும் இல்லை மாமா, அதுவும் ஒரு விளம்பரம்தான். தொடாமல் மூடிவிடுங்கள். காசு வராததற்குக் காரணம் பெரும்பாலும் சிக்னல். ஆட் முடிந்ததும் ‘பார்த்தாயிற்று’ என்று ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும், அந்த நேரம் பார்த்து நெட் அறுந்தால் பார்த்ததற்குச் சாட்சி இல்லை. முடிந்த பிறகும் இரண்டு நொடி விட்டு மூடிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கேம் செட்டிங்ஸில் உங்கள் ஆட்டக்காரர் எண் இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட்டோடு கம்பெனிக்கு அனுப்புங்கள், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க உங்களுக்குத் தெரியாவிட்டால் பேத்திக்குத் தெரிந்திருக்கும்.