‘வெள்ளம்’ என்றால் மலையாளமா?

கேள்வி: களியக்காவிளை அருகே வாசகர் வட்டம் நடத்துகிறோம். குமரி மாவட்டத்துப் பழைய நாவல்களில் வரும் ‘வெள்ளம்’, ‘பறஞ்சான்’ போன்ற சொற்களை மலையாளக் கலப்பு என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். பொதுத்தமிழில் மாற்றி வாசித்துக் காட்டலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ என்ற குறளில் வெள்ளம் என்பது பெருக்கெடுத்த வெள்ளமன்று, குளத்து நீர்தான். பறைதலுக்குச் சொல்லுதல் என்ற பொருளும் நம் அகராதிகளில் உண்டு. மலையாளமும் குமரித்தமிழும் பொதுவாகக் காத்து வைத்திருப்பதைக் கடன் என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

பேச்சு நடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, படிப்பவர் தெரிந்த சொல் என்று கருதித் தாண்டிப்போகும் இடங்கள்தாம். ‘அஞ்சல்’ இன்று தபாலுக்கான பொதுச்சொல்; திருவிதாங்கூர்க் காலக் கதையிலோ அது சமஸ்தானம் தானே நடத்திய, 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்த தனி ஏற்பாட்டின் பெயர். ஆகவே ஒரு பாத்திரம் கடிதத்தை அஞ்சலில் போட்டதா தபாலில் போட்டதா என்பதிலேயே அது எந்த அரசின் ஏற்பாட்டைப் பயன்படுத்தியது என்பது தெரிந்துவிடும். அதேபோல, ‘பதினாலு சக்கரம்’ கொடுத்தான் என்று வந்தால், 28 சக்கரம் சேர்ந்தது ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பதால், அது அரை ரூபாய். இதை ‘ஐம்பது காசு’ என்று திருத்திவிட்டால் தொகை நிற்கும், மன்னராட்சி மறைந்துவிடும். கிழவர் ஒருவர் ‘நம்ம ராஜ்யம்’ என்னும்போதும் அவர் மனத்திலிருப்பது பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். குமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள் அல்லவா?

இரணியல் செட்டிமார் பேச்சை முதுகெலும்பாகக் கொண்ட நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) போன்ற நாவலை எடுத்தால், உரையாடல்களை அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்யுங்கள். கண்ணுக்குக் கரடாகத் தெரிந்த வாக்கியம் காதுக்கு எளிதில் பிடிபடும். அருஞ்சொற்பொருளைத் தனித்தாளில் எழுதிக்கொண்டால் போதும். அச்சிட்ட வரியில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ‘தொண்ணூத்தொம்பதுல வந்த வெள்ளம்’ என்று யாரேனும் சொன்னால் அது 1999 அன்று. திருவிதாங்கூரின் பெரும்பகுதி மூழ்கிய கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. அந்த வெள்ளம் மட்டும் பெருவெள்ளமேதான்.