கேளுங்கள், சொல்கிறேன்: டெக் ஏன் ரிமோட்டுக்கு அசையவில்லை?

கேள்வி: பயோனியர் ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், கேசட் டெக் மூன்றையும் தனித்தனியாக வாங்கி அடுக்கியிருக்கிறேன். எல்லாம் 1990 வாக்கில் வந்தவை. ஆம்ப்ளிஃபயரின் ரிமோட்டில் டேப் பட்டன்களும் இருக்கின்றன. ஆனால் டெக் அசைய மாட்டேன் என்கிறது. சென்சார் ஒன்றை வாங்கி டெக்குக்குள் பொருத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து டெக்கைத் திறக்காதீர்கள். முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 'கன்ட்ரோல் இன்' என்று எழுதிய சின்ன ஜாக் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்து டெக்குகள் பலவற்றுக்குச் சொந்தமாகக் கண், அதாவது ரிமோட் சென்சார், கிடையாது. ஆம்ப்ளிஃபயரின் கண்ணை நம்பித்தான் இருந்தன. ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி வினாடிக்குச் சுமார் 40,000 முறை துடிக்கும். ஆம்ப்ளிஃபயர் அந்தத் துடிப்பைக் கழித்துவிட்டு, கட்டளையை மட்டும் 'கன்ட்ரோல் அவுட்' வழியாக அனுப்பும்.

இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. மோனோ பின் உள்ள வயர் இரண்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் அவுட்டிலிருந்து சிடி பிளேயரின் இன்னுக்கு ஒன்று; அதன் அவுட்டிலிருந்து டெக்கின் இன்னுக்கு மற்றொன்று. வயர் செருகிய பிறகு சிடி பிளேயரின் சொந்த சென்சார் வேலை செய்யாது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள், ரிமோட்டை ஆம்ப்ளிஃபயரை நோக்கிக் காட்டுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒருமுறை டெக்கை மட்டும் மேசைமேல் வைத்து, கன்ட்ரோல் வயரை மாட்டி ஒரு மாலை முழுவதும் போராடினேன். வயரை மாற்றினேன், வேறு டெக்கைக்கூட வைத்துப் பார்த்தேன். கடைசியில் பாட்டுக்கான ஆர்சிஏ வயரைச் செருகிய அந்த நொடியே டெக் ஓடத் தொடங்கியது. இந்த ஏற்பாட்டில் எர்த் இணைப்பு ஆடியோ வயர் வழியாகத்தான் கிடைக்கிறது. அதனால் எல்லாப் பெட்டிகளையும் ஆடியோ வயரால் இணைத்துவிட்டு, அப்புறம் சோதியுங்கள்.

நாளைக்கு வேறு கம்பெனி டெக் வாங்கினால் இந்த வயர் உதவாது. ஜாக் ஒன்றுபோல இருக்கும், பாஷை வேறு. பிலிப்ஸ் ரிமோட்டுகளின் ஆர்சி-5 முறையில் துடிப்பு 36 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 36,000 முறை), கட்டளையின் நீளம் 14 பிட். சோனிக்கு 40 கிலோஹெர்ட்ஸ், பெரும்பாலும் 12 பிட். அந்த டெக்குக்குச் சொந்த சென்சார் இருந்தால், மற்ற ரிமோட்டுகளின் கட்டளைகளைக் கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒன்று போதும்.

கேள்வி: ரிமோட் கீழே விழுந்தது. புது பேட்டரி போட்டும் உயிர் இல்லை. தூக்கிப் போடலாமா?

பதில்: கூடாது! போனின் செல்ஃபி கேமரா முன் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். முனை மினுங்கவில்லை என்றால், உள்ளே 455 என்று அச்சிட்ட சின்ன செராமிக் ரெசொனேட்டரை, அதாவது துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் பாகத்தை, தேடுங்கள். அந்த 455 கிலோஹெர்ட்ஸை 12 ஆல் வகுத்துத்தான் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு கிடைக்கிறது. கீழே விழுந்தால் அதனுள் இருக்கும் மெல்லிய தகடு உடைவது சகஜம். அதே எண் உள்ளதை வாங்கி சால்டர் செய்யுங்கள். 432 என்றிருந்தால் 432 தான் வேண்டும்.