மகளைக் காட்டாவிட்டால் பணத்தை நிறுத்தலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பிரிந்து ஒன்றரை வருடமாகிறது. ஏழு வயது மகள் அவளிடம் இருக்கிறாள். முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை நீதிமன்ற வளாகத்தில் மகளைப் பார்க்கலாம் என்று குடும்ப நல நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. பாதி நாள் அழைத்து வருவதே இல்லை. கேட்டால் காய்ச்சல் அல்லது பரீட்சை. மகளுக்காகக் கட்டும் ஜீவனாம்சத்தை நான் ஏன் நிறுத்தக் கூடாது? "அப்பாதான் கார்டியன், பள்ளிக்கூட வாசலிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடு" என்கிறார் பெரியப்பா. ஆண்களுக்குச் சட்டமே இல்லையா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: முதலில் பெரியப்பா. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, வம்பே அதுதான். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஆனால் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே பிரிவுதான். தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளராக முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் மேலே 13-வது பிரிவு உட்கார்ந்திருக்கிறது: குழந்தையின் நலன்தான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்றைய தேதிக்கு உத்தரவை மீறுபவர் உங்கள் மனைவி. பள்ளி வாசலில் குழந்தையைத் தூக்கிய நிமிடத்திலிருந்து அந்தப் பெயர் உங்களுக்கு வந்துவிடும். அவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார், போலீஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். பெரியப்பாவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜீவனாம்சத்தில் கை வைக்காதீர்கள். மகளைக் காட்டுவதும் மகள் செலவுக்குக் கொடுப்பதும் நீதிமன்றத்தின் கண்ணில் தனித்தனி விஷயங்கள். ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ள முடியாது. அழைத்து வராத சனிக்கிழமையும் அவளுக்குப் பசித்துத்தான் இருக்கும். பாக்கி வைத்தால் வாரண்ட் வரும், ஒரு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. இவ்வளவு நாள் ஒழுங்காகக் கட்டிய நல்ல பெயரை ஏன் சும்மா தூக்கிக் கொடுக்கிறீர்கள்?

உங்கள் ஆத்திரத்தைத் தப்பு என்று சொல்லவில்லை. பத்து மணிக்கு வந்து, கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மணிக்கு எழுந்து போகும் அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'குழந்தைக்குச் சளி' என்ற ஒரு வரி வாட்ஸ்அப்பில் உத்தரவையே தள்ளிவைக்க முடிகிறது என்றால் அது அக்கிரமம்தான். அந்த அம்மா இந்தப் பக்கத்தைப் படிப்பவராக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். 2017-ல் விவேக் சிங் வழக்கில் குழந்தையை வைத்திருந்தவர் தந்தை. அந்தப் பெண் குழந்தை தாயைவிட்டு விலகிப்போயிருந்ததைப் பார்த்த உச்ச நீதிமன்றம், அவளைத் தாயிடமே ஒப்படைத்தது. இங்கே நீங்கள் இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வர மாட்டாள் என்று தெரிந்தாலும் அந்தச் சனிக்கிழமை நீங்கள் போக வேண்டும். வந்து காத்திருந்ததை அங்கே இருக்கும் பொறுப்பாளரிடம் எழுத்தில் பதிவு செய்யுங்கள். மனைவிக்கு அனுப்பும் ஒவ்வொரு மெசேஜும் ஒருநாள் நீதிபதி மேஜைக்குப் போகும் என்று நினைத்து எழுதுங்கள். 'எத்தனை நாளைக்கு இந்த நாடகம்' என்று நீங்கள் இரவு 11 மணிக்குத் தட்டிவிட்டதைத்தான் அந்தத் தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவார். உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போடுங்கள். விட்டுப்போன சனிக்கிழமைகளுக்கு ஈடாக வேறு நாட்களையும் அதிலேயே கேளுங்கள். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு காட்ட வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஆண்களுக்குச் சட்டம் இல்லையா என்கிறீர்கள். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் அப்பாவும் மனு போடலாம், அம்மாவும் போடலாம். 2020-ல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் அன்பும் அருகாமையும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்றது. குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர், விசேஷக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், தினமும் ஐந்து பத்து நிமிடமாவது குழந்தையோடு பேச உரிமை உண்டு என்றும் அதிலேயே சொன்னது. வீடியோ கால்தான் நல்லது என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்தக் கோரிக்கையையே காணோம். ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான்கைத்தான் சுருக்கி மேலே போட்டிருக்கிறேன், மீதி இரண்டும் மாமியாரைப் பற்றி. மகள் எந்த வகுப்பு என்பதுகூட எனக்குத் தெரியாது.

அவள் வருகிற சனிக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள்? அந்த அறையில் சில அப்பாக்கள் பெரிய பொம்மையைக் கொடுத்துவிட்டு போட்டோவாக எடுத்துத் தள்ளுவார்கள், சாட்சிக்காம். அப்புறம் 'அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னா?' என்று ஆரம்பிப்பார்கள். குழந்தை பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் நீதிமன்றத்தின் ஆலோசகர்களும் கவனிக்கிறார்கள். நாளைக்கு நீதிபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் சொல்வாள். ஒரு தாயக்கட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தோற்றுக் கொடுங்கள்.

கோடை விடுமுறையில் சில நாள் உங்களோடு வந்து இருக்கட்டும் என்று கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். அந்த மனுவை மட்டும் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம் மூடிய பிறகு போட்டால், வாய்தா வாங்கி முடிவதற்குள் ஜூன் வந்துவிடும்.