உலோகப் பூச்சுக்கு அடியில் கறுப்பு ஏன்?

கொரியப் போரில் (1950–53) பறந்த எஃப்-86 சேபர் போன்ற ஜெட் விமானங்களின் சிறு மாதிரிகளுக்கு, வெள்ளி நிறத்துக்கு முன் பளபளப்பான கறுப்பு பூசுவது ஏன் என்பதே கேள்வி. உலோகப் பூச்சு என்பது நுண்ணிய அலுமினியச் செதில்கள் கலந்த வண்ணம்; அடித்தளம் வழவழப்பாக இருந்தால்தான் அச்செதில்கள் படுத்தவாறு படிந்து ஒளியை ஒரே திசையில் திருப்பும், இடைவெளிகளில் தெரியும் கறுப்பு அதற்கு உலோகத்தின் ஆழத்தைத் தரும். அசையாத குளத்தில் முகம் தெளிவாகத் தெரிவதும், அலையடித்தால் கலைவதும் இதனால்தான். ஆகவே உழைப்பில் பெரும்பகுதி உப்புத்தாளால் தேய்ப்பதிலேயே கழியும். மயிரிழைக் கீறல்கூட வெள்ளிக்கு அடியில் பள்ளமாகத் தெரியும் என்பது எரிச்சலூட்டும் உண்மை. கூடுதலாகப் பூசினால் பளபளப்பு கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தடித்த பூச்சில் செதில்கள் தாறுமாறாகக் கிடப்பதால், மங்கிய சாம்பல் நிறமே மிஞ்சும்.